துண்டுக்கு அடியில் ஒரு கணக்குப் போட்டி

கணக்குப் போட்டி நடத்துவது என்பது, மைக் நம் கையில் இருந்தும் நம் பேச்சு மட்டும் யார் காதிலும் விழாத தொழில். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நாலு நாலு பேராக உட்கார வைத்து, "கூடிப் பேசி ஒரே விடையாச் சொல்லுங்க" என்று ஒரு தடவையாவது கேட்டுப் பார்த்தவர்களுக்கு நான் படும் பாடு புரியும். மற்றவர்கள் வீட்டில் நாலு பிள்ளைகள் நடுவே ஒரே ஒரு டிவி ரிமோட்டை வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். கிட்டத்தட்ட அதுதான் என் பிழைப்பு.

நான் வாத்தியார் இல்லை. எட்டாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. ஆட்டுச் சந்தையில் தரகு பார்த்தேன். அங்கே ஏமாந்து ஏமாந்து, பிறகு ஏமாறாமல் இருக்கப் பழகி, ஆரப்பாளையத்தில் கோப்பையும் மெடலும் விற்கிற கடை போட்டேன். செல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கோப்பை கொண்டுபோன அன்றைக்குப் போட்டி நடத்த வேண்டியவர் வரவில்லை. வாசலில் ஆட்டோக்காரரோடு நான் போட்ட சண்டை உள்ளே வரைக்கும் கேட்டிருக்கிறது. தலைமையாசிரியை அம்மா வெளியே வந்து, "உங்க குரலுக்கு மைக்கே வேண்டாம் போலிருக்கே" என்று சொல்லி மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். கேள்விகளை எழுதித் தர பழங்காநத்தத்தில் டியூஷன் எடுக்கும் ஜெயந்தி டீச்சரைப் பிடித்தேன். அன்றிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் ஆனால் நான் அந்தப் பள்ளிக்கூடத்து ஹாலில்தான்.

சத்தமாச் சொன்னதே விடை

ஆரம்பத்தில் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. "ஒரு செவ்வகத்தின் நீளத்தையும் அகலத்தையும் இரண்டு மடங்கு ஆக்கினால் பரப்பு எத்தனை மடங்கு ஆகும்?" என்று ஒரு நாள் கேட்டேன். ஓர் அணியில் நாலு பேரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு குசுகுசுத்தார்கள். கபிலன் என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் துள்ளி எழுந்து, "ரெண்டு மடங்கு!" என்றான். தப்பு. போட்டி முடிந்ததும் அவர்கள் கிறுக்கிப் போட்டிருந்த தாள்களைப் பொறுக்கிப் பார்த்தேன். மற்ற மூன்று பேருமே சின்னதாகக் கட்டம் போட்டு, அதைப் பெரிதாக்கி, நாலு என்று சரியாக எழுதியிருந்தார்கள்!

சந்தையில் இப்படி நடக்காது. ஆட்டுக்குச் சீக்கு என்று மூன்று பங்காளிகளுக்குத் தெரிந்தால் நாலாவது பங்காளியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே மூன்று பேரிடம் சரியான விடை இருக்க, தப்பான விடை எப்படி வெளியே வருகிறது? சோற்றில் கை வைத்தால்கூட இதே யோசனை. அடுத்த வாரம் அந்த மூன்று பேரில் ஒருத்தியான யாழினியைக் கூப்பிட்டுக் கேட்டேன். செல்லூரில் பாதித் தெருவில் தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்கு மேலே பேசித்தான் அங்கே பிள்ளைகள் வளர்கிறார்கள். இந்தப் பெண்ணுக்கு மட்டும் அந்தப் பழக்கம் ஒட்டவில்லை. குனிந்து காதைக் கொடுத்தால்தான் அவள் பேசுவது கேட்கும். "நாலுன்னு எழுதிட்டு ஏம்மா சொல்லாம விட்ட?" என்றேன்.

"சொன்னேன் சார். கபிலன் அதைவிடச் சத்தமா ரெண்டுன்னான். அம்புட்டுச் சத்தமாச் சொல்றவன் தப்பாவா சொல்லுவான்னு நானே விட்டுட்டேன்."

கெடு

போட்டி நடக்கும் ஹாலுக்கும் தலைமையாசிரியை அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். சனிக்கிழமைகளில்தான் அந்த அம்மா பெற்றோர்களைப் பார்ப்பார். ஒரு சனிக்கிழமை, ஓர் அணி குசுகுசுத்த விடையைப் பக்கத்து அணி ஒட்டுக் கேட்டு முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. அவ்வளவுதான். ஒருவன் சட்டைப் பொத்தான் பறந்தது, இன்னொருவன் தேம்பித் தேம்பி அழுதான், பெஞ்சு சாய்ந்தது. எனக்குக் கோபம் வந்தால் முன்னே பின்னே தெரியாது. "எல்லாரும் வாயை மூடுங்கடா!" என்று நான் கத்தினது தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

தலைமையாசிரியை அம்மா வந்து வாசலில் நின்றார். திட்டவில்லை. அரைப் பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை தானே வந்து உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னார். அன்றைக்கும் இதே கூத்து என்றால் போட்டி கிடையாது, அந்த நேரத்தில் எழுத்துத் தேர்வு. பிள்ளைகள் முகம் சுருங்கிப் போனது. என் முகத்தை நான் பார்க்கவில்லை. கோப்பை விற்கிறவனுக்கு ஒரு பள்ளிக்கூடம் போனால் இன்னொன்று கிடைக்கும். ஆனால் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவனை நாற்பது பிள்ளைகள் "சார்" என்று கூப்பிடுகிற இடம் மதுரையில் எனக்கு வேறு எங்கே இருக்கிறது? "இனிமே பாருங்கம்மா, சத்தமே வராது" என்று வாக்குக் கொடுத்தேன். அந்த அம்மா திரும்பிப் போகும்போது சொன்னார்:

"பிள்ளைக சண்டையைக்கூடப் பொறுத்துக்குவேன் கணேசன். அதுக்கு நீங்க மைக் போடுறீங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல."

சந்தைத் துண்டு

சத்தம் இல்லாமல் நாலு பேர் எப்படிக் கூடிப் பேசுவது? யோசித்துக்கொண்டே கடையில் உட்கார்ந்திருந்தபோது தோளில் கிடந்த துண்டு ஞாபகத்துக்கு வந்தது. சந்தையில் நாங்கள் விலையை வாயால் பேசமாட்டோம். வாங்குகிறவர் கையையும் விற்கிறவர் கையையும் ஒரு துண்டால் மூடிவிட்டு, உள்ளே விரலைப் பிடிப்போம். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் எண். ஐந்துக்கு மேலே என்றால் கையை முழுசாகப் பிடித்துவிட்டு மிச்சத்துக்கு விரல். பெரிய எண் என்றால் ஒவ்வொரு இலக்கமாக; நடுவில் சுழியம் வந்தால் மூடின முட்டி, கடைசிச் சுழியங்களுக்குப் பிடியே கிடையாது. சுற்றி நூறு பேர் நின்றாலும் உள்ளே என்ன ஓடுகிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. முகத்தை மட்டும் கல் மாதிரி வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும்.

இதையே அணிக்கு வைத்தால் என்ன? பெஞ்சு நடுவே துண்டு. அடியில் நாலு பேர் கை. ஆளாளுக்குத் தன் விடையைத் தலைவர் விரலில் சொல்ல வேண்டும். நாலும் ஒன்றானால்தான் துண்டைத் தூக்கலாம், விடை சொல்லலாம். ஒட்டுக் கேட்கவும் முடியாது, கத்திச் சாதிக்கவும் முடியாது. ஜெயந்தி டீச்சரிடம் சொன்னேன். அவரும் ஆர்வமாகக் கையை நீட்டி, ஏழு, பன்னிரண்டு, நாற்பது என்று மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். கையை உருவிக்கொண்டு சொன்னார்:

"யோசனை நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா மொதல்ல அந்தத் துண்டைத் துவைங்க, ஆட்டு வாடை ஆளத் தூக்குது."

நசுக்கல்

அடுத்த சனிக்கிழமை அந்த ஹாலில் பக்கத்துத் தெருத் தறிச் சத்தத்தை முதல் தடவையாகக் கேட்டேன். அத்தனை அமைதி. ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு துண்டு மட்டும் உள்ளே எலி ஓடுகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சிரிப்பை அடக்கிக்கொண்டு, கண்ணை மேலே கூரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பழுத்த மாட்டுத் தரகர்களே தோற்றுப்போவார்கள்.

நாலாவது கேள்வியில் "ஆ!" என்று ஓர் அலறல். கபிலன் அணிதான். "சார், இவன் விரலை நசுக்குறான் சார்!" என்று ஒரு பையன் கையை உதறினான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கபிலனை எழுப்பி நிறுத்தி, "ஏண்டா, விரலைப் பிடிக்கச் சொன்னா முறிக்கிறியா?" என்று கேட்டேன். அவன் கொஞ்சம்கூடப் பயப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரி என்னையே திருப்பிக் கேட்டான்:

"சத்தம் போடக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? அப்ப வேற எப்படி சார் இவனை ஒத்துக்க வைக்கிறது?"

பத்தா, நூறா, ஆயிரமா?

செல்லூர்ப் பிள்ளைகளுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று ஜெயந்தி டீச்சர் ஒரு கேள்வி எழுதியிருந்தார். "ஒரு துண்டின் நீளம் ஒன்றேகால் மீட்டர். எண்பது துண்டுகள் நெய்தால் மொத்த நீளம் எத்தனை மீட்டர்?" ஓர் அணி சடாரென்று துண்டைத் தூக்கியது. நாலு பேரும் தலையை ஆட்டினார்கள், ஒத்துக்கொண்டாயிற்று என்று. "சொல்லுங்க" என்றேன். ஒருவன் "பத்து" என்றான், ஒருவன் "நூறு" என்றான், ஒருவன் "ஆயிரம்" என்றான், நாலாவது ஆள் மூன்று பேரையும் முறைத்தான். நாலு பேருமே ஒரே ஒரு விரலைத்தான் பிடித்திருக்கிறார்கள்!

தப்பு என் பக்கம்தான். சந்தையில் ஒரு விரல் என்றால் நூறும் உண்டு, ஆயிரமும் உண்டு, பத்தாயிரமும் உண்டு. அதை யாரும் விளக்கமாட்டார்கள். எதிரே ஆடு நிற்கிறதா, காளை நிற்கிறதா என்று பார்த்தாலே எந்த ஒன்று என்று தெரிந்துவிடும். கணக்கில் எதிரே என்ன நிற்கிறது? கேள்வி மட்டும்தான். அதைப் பார்த்து, விடை எம்புட்டுப் பெரிசாக இருக்கும் என்று முதலில் ஒரு மதிப்புப் போட வேண்டும். இந்தப் பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதித்து நேரே பெருக்கலுக்குப் போய்விடுகிறார்கள். அன்றைக்கே ஒரு விதி சேர்த்தேன். விரலைப் பிடிப்பதற்கு முன்னால் தலைவர் ஒரு வார்த்தை சொல்லலாம். ஒற்றை எண் என்றால் கோழி, பத்துகள் என்றால் ஆடு, நூறுகள் என்றால் மாடு, ஆயிரம் என்றால் யானை. நான் இதை விளக்கி முடிக்கும் வரைக்கும் அந்த அணியில் பத்து என்று சொன்னவன் தன் விடைதான் சரி என்று முனகிக்கொண்டே இருந்தான். பக்கத்து பெஞ்சிலிருந்த தறிக்காரர் மகன் பொறுக்கமாட்டாமல் திரும்பினான்:

"மாப்ள, எம்பது துண்டுக்குப் பத்து மீட்டர்னா அது துண்டு இல்லடா, கைக்குட்டை."

அரை மார்க் பேரம்

வேறு எதில் நான் கறாராக இருந்தாலும், பேரம் பேசுகிற குரல் காதில் விழுந்தால் எனக்கு உள்ளங்கை அரிக்க ஆரம்பித்துவிடும். ஒரு நாள் விடை ஐம்பத்தாறு. கபிலன் அணி ஐம்பத்துநாலு என்றது. "தப்பு" என்றேன். "ரெண்டுதான சார் குறையுது? அரை மார்க் போடுங்க" என்றான் கபிலன். "முடியாது." "சரி, உங்களுக்கும் வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம், கால் மார்க்." இந்த இடத்தில் நான் மைக்கை அணைத்திருக்க வேண்டும். "வழி சரியா இருக்கான்னு காட்டு, பாப்போம்" என்று சொல்லித் தொலைத்தேன். அவன் தாளை நீட்டினான். ஏழை எட்டால் பெருக்குகிற இடம் வரைக்கும் எல்லாம் சரி. கால் மார்க் கொடுத்தேன்.

அவ்வளவுதான், மற்ற அணிகளும் எழுந்து வந்துவிட்டன. போன வாரம் தப்பாய்ப் போன கணக்குக்கெல்லாம் விலை கேட்கிறார்கள். எனக்கும் சந்தைக்குத் திரும்பின மாதிரி உற்சாகம். ஒருத்தியிடம் ஏற்றினேன், ஒருத்தனிடம் இறக்கினேன். ஓரமாக உட்கார்ந்திருந்த ஜெயந்தி டீச்சர் எழுந்து வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"ஏழெட்டு அம்பத்தாறு. அதுல பேசிக் குறைக்க என்னண்ணே இருக்கு? ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்குறீங்களா?"

யாழினியின் அப்பா

அரைப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. சத்தம் குறைந்திருந்ததால் நான் கொஞ்சம் தெம்பாக இருந்தேன். அப்போதுதான் யாழினியின் அப்பா வந்து வாசலில் நின்றார். வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து செல்லூரில் குடியேறினவர், மாடு வாங்கி விற்கிறவர், கதவை அடைக்கிற உடம்பு. "எவன்யா அது, எம்பிள்ளை கையை ஊர்ப் பயலுக கையில புடிச்சுக் குடுக்கிறது?" என்றார். நானும் லேசுப்பட்டவன் இல்லை. "துண்டுக்குள்ள கணக்குத்தான்யா நடக்குது, கல்யாணமா நடக்குது?" என்று கேட்டுவிட்டேன். அவர் மீசை துடித்தது. அந்த நேரத்தில் தலைமையாசிரியை அறை ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, பாதிச் சண்டையில் குரலை இறக்கினேன். "பெண் பிள்ளைகளைத் தனி அணியாப் பிரிச்சுடுறேண்ணே. நீங்க சொல்றது நியாயம்தான்" என்றேன். அவரும் இறங்கி வந்தார்.

ஆனால் ஆள் போகவில்லை. துண்டு என்றதும் அவருக்கும் ஆவல். பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். புதிதாகப் பிரித்த பெண்கள் அணியை வரச்சொல்லி ஒரு கணக்கு கொடுத்தேன். யாழினி துண்டை விலக்கி, தன் தோழி கையில் எட்டைப் பிடித்துக் காட்டினாள். பார்த்துக்கொண்டிருந்தவர் நெற்றியைச் சுருக்கினார். எழுந்து வந்து என் கையை இழுத்து, துண்டைப் போர்த்தி, தன் வழக்கப்படி எட்டைப் பிடித்தார். அது வேறு மாதிரிதான் இருந்தது.

"பிள்ளைகளப் பிரிச்சது சரி. ஆனா எட்டைத் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கீகளேண்ணே, இத எந்தச் சந்தையில படிச்சீக?"

நூறு மீட்டர் வேலி

கெடுச் சனிக்கிழமை வந்தது. தலைமையாசிரியை அம்மா கடைசி வரிசையில் நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளைகளுக்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எழுத்துத் தேர்வு என்ற ஒரு சொல் போதுமே. துண்டுகள் அசைந்தன, "ஆடு", "மாடு" என்று மெல்லக் குரல் வந்தது, விடை வந்தது. கடைசிக் கேள்விக்கு யாழினி இருந்த பெண்கள் அணியும் கபிலன் அணியும் சமமாக நின்றன. ஜெயந்தி டீச்சர் வாசித்தார்: "ஒரு தோட்டத்துக்கு நூறு மீட்டர் வேலி. பத்து மீட்டருக்கு ஒரு கம்பு ஊன்றினால் மொத்தம் எத்தனை கம்பு வேண்டும்?" அட்டையில் இருந்த விடை பதினொன்று. கபிலன் அணி துண்டைத் தூக்கி, "பத்து!" என்றது. தப்பு. கேள்வி பெண்கள் அணிக்குப் போனது.

அவர்கள் துண்டு எழவே இல்லை. உள்ளே இழுபறி நடப்பது தெரிந்தது. மூன்று பேர் யாழினியை முறைக்கிறார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு விரலை விடாமல் பிடித்திருக்கிறாள். மணி அடித்தது. நேரம் முடிந்தது. அந்த நொடியில் மூன்று பேரும் வெடித்தார்கள். "பதினொண்ணு சார்! இவ ஒத்துக்கவே மாட்டேன்னுட்டா சார்!" கபிலன் அணி பெஞ்சைத் தட்டிக் குதித்தது. மற்ற அணிகள் அவரவர் விடையைக் கத்தின. ஒரு மாதம் அடக்கி வைத்த சத்தமெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. நான் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். சட்டென்று தலைமையாசிரியை சொன்னது உறைத்து, மைக்கைக் கீழே வைத்தேன். அந்த அம்மா எழுந்து நடந்து வந்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அவர் நேராக யாழினியிடம் போய், "நீ எத்தனைன்னு பிடிச்ச?" என்றார். "பத்து மிஸ்." "ஏன்?" அவள் ஏதோ சொன்னாள், யாருக்கும் கேட்கவில்லை. "போர்டுல போட்டுக் காட்டு" என்றார். அவள் ஒரு பெரிய வட்டம் போட்டாள். சுற்றிலும் கம்பு ஊன்றினாள். நடுவில் ஒரு கன்றுக்குட்டி வரைந்தாள். "தோட்டத்து வேலின்னா சுத்தித்தான மிஸ் இருக்கும்? சுத்தி வந்தா மொதக் கம்புதான் கடைசிக் கம்பு. பத்துதான் வருது." மற்ற மூன்று பேரும் பக்கத்திலேயே ஒரு நேர்கோடு போட்டார்கள். இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று, எண்ணினால் பதினொன்று. ஜெயந்தி டீச்சர் போர்டைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வேலி நேரா போகுதுன்னு நான் எழுதவே இல்லையேண்ணே! ரெண்டும் சரிதான்." கபிலன் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டான். "அப்ப எங்க பத்தும் சரி!" தலைமையாசிரியை அவனைப் பார்த்து, "உன் வேலி எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டார். அவன் விழித்தான். "வேலியா மிஸ்? நான் நூறைப் பத்தால வகுத்தேன்." ஹால் சிரித்த சிரிப்பில் அவனும் சேர்ந்து சிரித்தான்.

யாழினியின் தோழி மட்டும் ஆறவில்லை. "ஏண்டி, வட்டமா நினைக்கிறேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னடி?" என்றாள். யாழினி திரும்பினாள். அவள் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "எப்படிடி சொல்றது? விரலைப் பிடிச்சு வட்டம் போட முடியுமா?" அதற்குள் ஆளாளுக்குச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுக்கு வந்துவிட்டார்கள். ஒருவன் வேலிக்குக் கேட் வைத்தான், ஒருத்தி ஒரு பக்கத்தைக் கிணற்றுச் சுவரில் முட்டவிட்டாள், ஒவ்வொன்றுக்கும் கம்பு எத்தனை என்று சண்டை. கோப்பை யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவே, புடவையெல்லாம் சாக்பீஸ் தூளோடு, தலைமையாசிரியை அம்மா என் பக்கம் வந்தார். நான் கைகட்டி நின்றேன்.

"அடுத்த சனிக்கிழமை துண்டு வேண்டாம் கணேசன். இதுக வாயத் திறந்தாத்தான் உள்ள என்ன ஓடுதுன்னு தெரியுது. சத்தம் வந்தா நான் என் கதவைச் சாத்திக்கிறேன்."

ஆக, மனசில் ஓடுவதை வெளியே விடாமலே பிழைத்த தரகன் ஒருவன், இப்போது சனிக்கிழமைதோறும் "ஏன்னு சொல்லுங்கடா, ஏன்னு சொல்லுங்கடா" என்று பிள்ளைகளிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கிறான்.